தீயணைப்பு வண்டியை அழைத்தால் பணம் கேட்பார்களா? உண்மை விளக்கம்

"தீயணைப்பு வண்டி வந்தால் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டும், 101 எண்ணும் இனி கிடையாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை தீ விபத்துக்கும் உயிர் மீட்புக்கும் கட்டணம் வாங்குவதில்லை. குடிசையில் பற்றிய தீயானாலும் கிணற்றில் விழுந்த பசுமாடானாலும் அப்படித்தான். பட்டாசு வாணவேடிக்கை, சினிமா படப்பிடிப்பு போன்றவற்றுக்கு முன்கூட்டியே வண்டியை நிறுத்திவைக்கக் கேட்டால் அதற்குக் கட்டணம் உண்டு. குழப்பம் இங்கிருந்து கிளம்பியிருக்கலாம். 101 இன்றும் இயங்குகிறது. 112-ஐ அழைத்தாலும் உதவி வரும்.

இந்தப் பொய்யை நம்பி யாராவது தயங்கினால் என்ன ஆகும் என்பதே என் கவலை. தீ நிமிடக் கணக்கில் பரவும். சிற்றூர் நிலையங்களில் பெரும்பாலும் வண்டி ஒன்றோ இரண்டோதான். அதில் உள்ள வீரர்கள் தீயை அணைப்பதோடு வெள்ளத்தில் சிக்கியவர்களையும் மீட்கிறார்கள், வீட்டுக்குள் புகுந்த பாம்பையும் பிடித்து வனத்துறையிடம் சேர்க்கிறார்கள். அப்புறம், பள்ளிகளில் செயல்விளக்கமும் காட்டுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் துறையின் இணையதளத்தைப் பாருங்கள், அல்லது உங்கள் ஊர் நிலையத்திலேயே நேரில் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.