பறை சூடேறும் நேரத்தில் துரத்துகிறார்கள்

இந்த மார்கழியில் மட்டும் நான்கு இடங்களிலிருந்து எங்களைக் கிளப்பிவிட்டார்கள். பொங்கல் விழாவில் இருபது நிமிடம் ஆட வேண்டிய பறையாட்ட நிகழ்ச்சிக்காகப் பதினாறு பேர் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், ஒருவர் மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளி, நால்வர் கல்லூரி மாணவர்கள். எல்லோரும் ஒன்றாகக் கூட முடிவது சனி, ஞாயிறு காலைகளில் மட்டும்தான். அந்த இரண்டு காலைகளையும் பறையடிப்பதில் செலவிடுவதைவிட, பறையடிக்க ஓர் இடம் தேடுவதில்தான் அதிகம் செலவிட்டிருக்கிறோம் என்பதை நினைக்கும்போது வயிறு எரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். குடியிருப்பை ஒட்டிய ஒரு திறந்தவெளித் திடலுக்கு ஆறரை மணிக்கே போய்விட்டோம். மார்கழிப் பனியில் மாட்டுத்தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துபோயிருக்கும். அப்படியே அடித்தால் நனைந்த அட்டையில் தட்டியதுபோல் ‘தொப்’ என்றுதான் கேட்கும். ஆகவே காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி, ஒவ்வொரு பறையாக அனலுக்கு முகம் காட்டிச் சுழற்ற வேண்டும். நெருப்புக்கு ஒரு சாண் நெருங்கிவிட்டால் தோல் கருகும், விலகினால் சூடு ஏறாது. குழுவிலேயே இளையவளான ஒரு மாணவி, புகையில் கண் கலங்கக் கலங்க, சுண்டுவிரலால் தோலைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டுக் கேட்டுத் தன் பறையைக் காய்ச்சினாள். அது ‘கணீர்’ என்று பேசத் தொடங்கியபோது மணி ஏழேகால். வட்டம் கட்டி நின்று, சாமிச்சாட்டு அடி என்ற தாளத்தைத் தொடங்கி, அதிலிருந்து டப்பா அடி என்ற இன்னொரு தாளத்துக்கு மாறும் இடத்தில் வட்டம் இரண்டு வரிசையாகப் பிரிய வேண்டும். அந்த இடம் வருவதற்குள் ஒரு பெரியவர் கையை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

“யார் வீட்டுல எழவு விழுந்துச்சுன்னு காலங்காத்தால இதை அடிக்கிறீங்க?” என்று கேட்டார். அந்த மாணவிதான் பதில் சொன்னாள்: “எழவு இல்லைங்க ஐயா, பொங்கல் நிகழ்ச்சிக்குப் பயிற்சி பண்றோம்.” “பயிற்சின்னா ஊருக்கு வெளியில போய்ப் பண்ணுங்க” என்றார். ஊருக்கு வெளியில் என்ற சொல்லை இந்தக் கருவியை ஏந்தியவர்களிடம் எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதை அவர் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள், காவல் நிலையத்துக்குப் போன் பறந்தது, நாங்கள் பறைகளை உறையில் போட்டுக் கட்டினோம். இனி அடுத்த இடத்தில் மறுபடியும் ஓலை, மறுபடியும் நெருப்பு.

பறை சத்தமான கருவி என்பதை நான் மறுக்கவே இல்லை. செய்தி அறிவிக்கவும், ஊரைத் திரட்டவும் அடித்த கருவி மெல்ல முனகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன என்பதும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் முழக்கக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு முன்னால் நாங்கள் ஒருநாளும் குச்சியை எடுத்ததில்லை. ஆனால் பக்கத்தில் நின்று இருவர் பேசினாலே 55 டெசிபலைத் தாண்டிவிடும் என்றிருக்க, அதே தெருவில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி பாடுகிறது, கட்சிக் கூட்டத்துக்கு முச்சந்தியில் ஆளுயரப் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன, கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் முழங்குகிறது. அப்போதெல்லாம் யாரும் காதைப் பொத்திக்கொண்டு திடலுக்குள் வருவதில்லை. எங்களிடம் மட்டும் விதி பேசுவதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

முறைப்படி அனுமதி கேட்டுப் பாருங்கள் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டோம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தின் கடிதத்தை வாங்கி வரச் சொன்னது. அங்கே போனால் முதல் அலுவலகத்தின் கடிதம் எங்கே என்றார்கள். வாடகைக்குத் திடலைத் தர ஒப்புக்கொண்ட ஒரு பள்ளி, “கலை நிகழ்ச்சி என்றுதானே சொன்னீர்கள், பறை என்று சொல்லவில்லையே” என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இன்னும் சிலர் அக்கறையோடு யோசனை சொல்கிறார்கள்: உட்கார்ந்தபடி டயரில் அடித்துப் பழகலாமே, பைபர் பறை வாங்கினால் காய்ச்சவே வேண்டாமே என்கிறார்கள். பைபர் மழைக்கும் பனிக்கும் உதவும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இடது தோளில் தொங்கும் பறையை முன்கையால் உடம்போடு அணைத்து, இடக்கையில் நீண்ட மெல்லிய சுண்டுக்குச்சியும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியுமாக, குதித்துத் திரும்பிக் குனிந்து எழும்போதே அடி பிசகாமல் நிற்பதற்குப் பெயர்தான் பறையாட்டம். டயரில் கை மட்டும்தான் பழகும். பக்கத்தில் ஆடுபவரின் தோள் எந்தத் தூரத்தில் வரும் என்பதைப் பதினாறு பேரும் ஒரே தரையில் ஆடித்தான் கற்க முடியும். அதற்குக் குறைந்தது முப்பதடி அகலம் வேண்டும்.

2025இல் பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்களைத் துரத்திய அதே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘தமிழர் பெருமை’ என்று வாழ்த்துகள் குவிந்தனவாம்; அங்கே வசிக்கும் எங்கள் குழுத் தோழர்தான் சொன்னார். விருது மேடையில் ஏறிய பறைக்குக் கைதட்டும் உள்ளங்களே, அந்த மேடைக்கு ஒரு பறை எங்கே பழகிவிட்டு வரும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? சனி, ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஒரு திடலைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அணைத்த நெருப்பின் சாம்பலைக்கூட நாங்களே அள்ளிக்கொண்டு போகிறோம்.

பொங்கலுக்கு இன்னும் மூன்று வார இறுதிகள்தான் இருக்கின்றன. இருபது நிமிடத்தையும் தொடக்கம் முதல் வாழ்த்தடி வரை நிற்காமல் ஒரு முறைகூட நாங்கள் இன்னும் ஆடிப் பார்க்கவில்லை.