நெட்டில் விளாசிவிட்டு வருவது பயிற்சி ஆகாது

போன ஞாயிறு முப்பது ஓவர் கிரிக்கெட் ஆட்டத்தில் எங்கள் அணி ஐந்து கேட்ச் விட்டது. அதில் இரண்டு நான் விட்டவை. தோற்றதுகூடப் பரவாயில்லை, முந்தின நாள் இரண்டு மணி நேரம் நெட் (வலைக்குள் ஆடும் பயிற்சி) போட்டும் ஒருத்தர்கூட ஒரு கேட்ச் பிடித்துப் பார்க்கவில்லை என்பதுதான் வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. பதினொரு பேர், ஒரே நெட். ஒருவர் பேட் செய்வார், நான்கு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள், மீதிப் பேர் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்து ஐபிஎல் பேசுவோம், நம் முறை வந்ததும் பத்து நிமிடம் விளாசிவிட்டு பேடைக் கழற்றுவோம். பல வருடமாக இதைத்தான் பிராக்டிஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு சனி, ஞாயிறு மட்டும் ஆடுகிற நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதே இரண்டு மணி நேரம். அதில் இன்று எதைச் சரிசெய்யப் போகிறேன் என்ற ஒரு கேள்வியோடு போகாவிட்டால் அந்த நேரம் அப்படியே போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

1998 மார்ச் சேப்பாக்கம் டெஸ்டுக்கு முன்னால் சச்சின் என்ன செய்தார் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னே ரவுண்ட் த விக்கெட் (ஸ்டம்பின் மறுபக்கமாக) வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே பெயர்ந்து கிடக்கும் மண்ணில் பந்தைக் குத்துவார் என்று அவருக்குத் தெரியும். அதனால் சென்னையிலேயே முன்னாள் இந்திய லெக் ஸ்பின்னர் சிவராமகிருஷ்ணனை அதே கோணத்தில், லெக் ஸ்டம்புக்கு வெளியே கீறிவிட்ட பிட்ச்சில் போடச் சொல்லி ஆடிப் பழகினார். முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னேயிடமே அவுட். இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 155. ஒரே ஒரு பந்துவீச்சாளரின் ஒரே ஒரு பந்துக்காக அத்தனை உழைப்பு! நாமோ போன வாரம் எந்தப் பந்தில் அவுட் ஆனோம் என்பதைக்கூட நெட்டுக்குள் நினைப்பதில்லை.

சச்சினின் கோச் அச்ரேக்கர் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்த கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சச்சினை அவுட் ஆக்குகிறவருக்கு அந்த ரூபாய், யாராலும் முடியாவிட்டால் சச்சினுக்கு. அப்படிச் சேர்ந்த 13 நாணயங்களை சச்சின் இன்னமும் வைத்திருக்கிறார். நாணயம் முக்கியமில்லை, நெட்டில் விக்கெட்டுக்கு ஒரு விலை இருந்ததே, அதுதான் முக்கியம். நம் நெட்டில் போல்டு ஆனால் சிரித்துக்கொண்டே பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு அடுத்ததுக்கு நிற்கிறோம். எங்கள் அணியில் முன்பு கொஞ்ச நாள் ஆளுக்குப் பன்னிரண்டு பந்து என்று மாற்றிப் பார்த்தோம். பௌலர் முதலிலேயே ஃபீல்டிங் எங்கெங்கே என்று சொல்லிவிட வேண்டும், இரண்டு ஓவரில் 15 ரன் வேண்டும் என்பது மாதிரி ஒரு கணக்கு வைப்போம், அவுட் என்றால் அவுட், மூன்றாவது பந்தாக இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். முதல் வாரம் சண்டையே வந்தது. ஆனால் கண்டபடி தூக்கி அடிப்பது அப்போது பாதியாகக் குறைந்தது.

பௌலர்களுக்கு ஒரு விஷயம். நெட்டில் எல்லோரும் கோட்டை ஓர் அடி, இரண்டு அடி தாண்டித்தான் போடுகிறோம், ஏனென்றால் கேட்க அம்பயர் இல்லை. அப்புறம் மேட்ச்சில் நோ பால் ஏன் வராது? ஒரு கோடு கிழித்துவிட்டு, ஒருவரை அங்கேயே நிற்க வையுங்கள். அடுத்தது லெங்த், அதாவது பந்து பிட்ச்சில் எவ்வளவு தூரத்தில் குத்துகிறது என்பது. டிவியில் 140 கிலோமீட்டர் வேகத்தில் போடுகிறவருக்கு எது நல்ல லெங்த் என்று காட்டுகிறார்களோ, அதே இடத்தில் நம் 100, 110 வேகத்தில் குத்தினால் பேட்ஸ்மேன் பின்னால் போய் நிதானமாக அடிப்பார். நம் வேகத்துக்கு இன்னும் முன்னால், பேட்ஸ்மேன் பக்கமாகப் போட்டாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து வைத்து 24 பந்து போட்டு, எத்தனை அதில் விழுந்தன என்று நோட்டில் எழுதுங்கள். யார்க்கருக்கு (பேட்ஸ்மேன் காலடியில் விழும் பந்து) அவர் நிற்கும் கோட்டில் ஒரு பழைய ஷூ போதும். சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகிய நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு நெட் பௌலராகத்தான் போனார். ஒரே பயணத்தில் டெஸ்ட், ஒருநாள், டி20 என மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகித் திரும்பினார். இடையில் 2015 வாக்கில் அவர் பந்துவீச்சு முறை மீதே புகார் எழுந்து, அதைத் திருத்திக்கொண்டு வந்தவர் அவர் என்பதையும் மறக்கக் கூடாது.

டென்னிஸ் பந்தில் இருந்து லெதருக்கு வருகிற தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள்தான், லெதர் பந்து 156 முதல் 163 கிராம். முதல் நாளே முழு வேகத்தில் ஐந்தாறு ஓவர் போட்டால் தோள்பட்டை சும்மா விடாது. இரண்டு ஓவரில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டுங்கள். பேட்டிங்கில், டென்னிஸ் பந்தை நாமே பலம் கொடுத்து அடித்தால்தான் போகும், அதனால் காலை லெக் பக்கம் ஒதுக்கிக் குறுக்கே சுற்றுவது பழக்கமாகிவிடுகிறது. லெதர் பந்தை அப்படிச் சுற்ற வேண்டியதே இல்லை, நடு பேட்டில் பட்டாலே ஓடும். தலை பந்துக்கு நேராக வர வேண்டும், பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு ஆட வேண்டும். பத்தடி தூரத்தில் ஒருவரை முட்டி போட்டு உட்கார வைத்து, கீழ்க்கையாக மெதுவாகப் போடச் சொல்லி, மேல் கையால் மட்டும் ஐம்பது பந்து நேராகத் தட்டிப் பாருங்கள். இதற்கு மட்டும் டென்னிஸ் பந்தே போதும். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் நேர் பேட் என்றால் என்னவென்று கை புரிந்துகொள்ளும். ஆள் கிடைக்காவிட்டால் சுவர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிராட்மன் சிறுவனாகத் தன் ஊர் பௌரலில் தண்ணீர்த் தொட்டியின் வளைந்த செங்கல் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, எகிறி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்தவர். 99.94 என்ற டெஸ்ட் சராசரி அங்கிருந்து தொடங்கியது. மொட்டைமாடிச் சுவரும் ஒரு ரப்பர் பந்தும் நமக்குக் கிடைக்காதா?

ஹெல்மெட்டும் கார்டும் (அடிவயிற்றுக் காப்பு) இல்லாமல் லெதர் பந்தை எதிர்கொள்ளாதீர்கள். இதில் விவாதமே வேண்டாம்.

கேட்ச் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், மனம் அங்கேயே நிற்கிறது. டென்னிஸ் பந்து கையில் பட்டுத் துள்ளிப் போய்விடும் என்று வெடுக்கென்று கவ்விப் பழகியவர்கள் நாம். லெதர் பந்தை அப்படிக் கவ்வினால் உள்ளங்கையில் மோதித் தெறிக்கிறது. போன ஞாயிறு எனக்கு நடந்ததும் இதேதான், இரண்டு முறையும் கை விறைப்பாகப் பந்தை நோக்கி முன்னால் போனது. பந்து சேரும்போது கை சற்றுப் பின்னால் வர வேண்டும். விரல் நுனி பந்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கவே கூடாது, விரல் போய்விடும். மார்புக்குக் கீழே வந்தால் விரல்கள் தரையைப் பார்க்கட்டும், மேலே வந்தால் வானத்தை. தினமும் இருபது கேட்ச் போதும், பத்து நிமிட வேலை. அதிலும் களைத்த பிறகு பிடித்துப் பழக வேண்டும். மேட்ச்சில் கேட்ச் வருவது 25ஆவது ஓவரில், வெயிலில், கவனம் எங்கேயோ இருக்கும்போதுதானே. அதனால் பேடைக் கட்டிக்கொண்டு மூன்று ரன் ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போதே ஓர் உயரப் பந்து என்று வைத்துப் பாருங்கள்.

இந்தச் சனிக்கிழமை எங்கள் பதினொரு பேரையும் மூன்றாகப் பிரிக்கப் போகிறேன். ஒரு குழு நெட்டில், ஒரு குழு கேட்ச்சில், ஒரு குழு ஒற்றை ஸ்டம்பைக் குறி வைத்து எறிவதில், இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். தண்ணீர் கேன் பக்கம் யாருக்கும் இடமில்லை. நான் முதலில் கேட்ச் குழுவில் நிற்கிறேன், இடது பக்கம் தாழ்வாக வருகிற பந்து மட்டும். உங்கள் அணியில் வேறு ஏதாவது முறை பலன் தந்திருந்தால் கீழே எழுதுங்கள், சனிக்கிழமைக்குள் எழுதினால் அதையும் செய்து பார்த்துவிடுவோம்.