எல்லாம் ஓடும் என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் நேற்று மாலை அதே பதிலை மறுபடியும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. பழைய கணினிப் போர்டு திணறுகிறது, காசு போட்டு ஆடிய அந்தக் கால ஆர்கேட் விளையாட்டுகளை எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தைப் போலி செய்யும் மென்பொருளில்) ஓட்ட அதைவிட வலுவான சிறிய கணினி எது என்று யாரிடம் கேட்டாலும், கடையோ நண்பரோ வீடியோ போடுகிறவரோ, வாயில் தயாராக இருக்கும் பதில் ஒன்றுதான்: "எல்லாம் ஓடும்."

எல்லாம் என்றால் எது? எவ்வளவு வேகத்தில்? எந்த எமுலேட்டரில்? ஒருவராவது சொல்லட்டும்!

நான் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, கில்லர் இன்ஸ்டிங்க்ட் முழு வேகத்தில் ஓடுமா?" ஓடும் என்று சொல்லலாம், ஓடாது என்று சொல்லலாம். தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். அந்த இளைஞர் மேசைக்கு அடியிலிருந்து பெயரில்லாத ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"சார், இதில் பத்தாயிரம் கேம் இருக்கிறது."

"எனக்குப் பத்தாயிரம் வேண்டாம். கில்லர் இன்ஸ்டிங்க்ட் ஒன்று ஓடினால் போதும்."

"எல்லாம் ஓடும் சார்."

"ஓட்டிக் காட்டுங்கள்."

பேக்மேனைப் போட்டார்.

பேக்மேன்! 1980இல் வந்தது. அதற்குள் இருப்பது 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஓர் இஸட்-80 சிப். இன்று கடைத்தெருவில் கிடைக்கும் மிக மலிவான போர்டுகூட அதைச் சிரமமில்லாமல் ஓட்டும். இது இல்லை என்றேன். தலையசைத்துவிட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐப் போட்டார். 1991. பத்து மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா 68000, ஒலிக்கு ஓர் இஸட்-80, அவ்வளவுதான். அதுவும் ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? "பார்த்தீர்களா சார்?" என்று என் முகத்தைப் பார்த்தார். எதைப் பார்ப்பது? நான் கேட்டதை இன்னும் அவர் தொடவே இல்லையே!

நான் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லப் பட்டியலில் தேடினார். அந்தப் பட்டியலின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஒரே விளையாட்டு ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, யாரோ திருட்டுத்தனமாக மாற்றிய பதிப்பு என்று வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றையும் தனி விளையாட்டாக எண்ணித்தான் அந்தப் பத்தாயிரம். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த எண்ணே பித்தலாட்டம்.

கடைசியில் கிடைத்தது. தொடக்கக் காட்சி வந்தது, கூடவே ஒலி கரகரவென்று உடைந்தது. சண்டை ஆரம்பித்ததும் இரண்டு பேரும் தண்ணீருக்குள் நிற்பவர்களைப் போலக் கையை ஓங்கினார்கள். அடி விழுந்து முடிந்த பிறகு அதன் சத்தம் வந்தது.

"டிவி பழையது சார், அதனால்தான்."

டிவியா? இரண்டு நிமிடத்துக்கு முன் இதே டிவியில்தானே ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஒழுங்காக ஓடியது!

"சத்தத்தைக் குறைத்து வைத்தால் தெரியாது சார்."

அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அந்த கேமே அப்படித்தான் சார்."

அப்படித்தானா? 1994இல் ரேர் நிறுவனத்தார் 100 மெகாஹெர்ட்ஸ் மிப்ஸ் ஆர்-4600 செயலியை வைத்துக்கொண்டு, ஆர்கேட் இயந்திரத்துக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கையே பொருத்தி, பின்னணிக் காட்சிகளை வீடியோவாக அதிலிருந்து இடைவிடாமல் இழுத்துக் காட்டிய விளையாட்டு அது. அடிமேல் அடி கோத்து எதிராளியைத் திணறடிக்கும் அந்த வேகம்தான் அதன் உயிர். பெட்டியில் திராணி இல்லாததற்கு அந்த விளையாட்டின் மேல் பழி போடுகிறார்கள். அந்த இளைஞர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். இந்தக் கறுப்புப் பெட்டியில் கில்லர் இன்ஸ்டிங்க்ட்டை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு பையன், பழைய விளையாட்டுகள் எல்லாமே இப்படித் திக்கித் திணறித்தான் ஓடும் போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டுப் போய்விடுவானே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பெட்டியைத் திருப்பிச் சிப்பின் விவரத்தைப் பார்த்தேன். நான்கு கோர்டெக்ஸ் ஏ-53 கோர்கள், அதாவது செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள். 2016இல் வந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறிய கணினிப் போர்டில் இருந்த அதே வகை. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் எட்டு கோர் மாடல் தரட்டுமா சார்?" என்றார்.

எட்டு கோர்! இந்த கோர் கணக்கை எவர் கிளப்பிவிட்டாரோ தெரியவில்லை. ஆர்கேட் எமுலேஷனுக்கு வேண்டியது ஒற்றை கோரின் வேகம். ஓர் ஆர்கேட் இயந்திரத்தில் செயலி, ஒலிச் சிப், படச் சிப் எல்லாம் ஒன்றோடொன்று நொடிக்கு நொடி ஒத்து இயங்க வேண்டும். அந்த ஒழுங்கு குலையாமல் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது மிகக் கடினம். அதனால் மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டர் தன் பாரத்தில் பெரும்பகுதியை ஒரே கோரின் தலையில்தான் ஏற்றுகிறது. மற்ற கோர்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும். எட்டு கோர் என்று விற்கப்படும் ஆர்கே-3588 சிப்பில் பெரிய கோர்கள் நான்கு, சிறியவை நான்கு. பெரியவை ஏ-76, பை 5இல் இருப்பவையும் அவையேதான். சிறியவை ஏ-55; அவற்றால் இந்த வேலைக்குப் பயனே இல்லை. அப்படியிருக்க எட்டு என்று கூவி விற்பதற்கு என்ன பொருள்? ராம் கதையும் இதுதான். எட்டு ஜிபி, பதினாறு ஜிபி என்கிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு எதற்கு ஐயா பதினாறு ஜிபி?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "பழைய கேம்தானே, எதில் போட்டாலும் ஓடும்" என்று தோளைக் குலுக்குகிறவர்கள். விளையாட்டின் வயதுக்கும் அது கேட்கும் திறனுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பதை இவர்கள் காதில் எப்படிப் போடுவது? 2000இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, சேகாவின் நவோமி இயந்திரத்துக்காக எழுதப்பட்டது. அதை ஃப்ளைகாஸ்ட் எமுலேட்டர் பை 4இலேயே நன்றாக ஓட்டிவிடும். பை போன்ற போர்டுகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப்புகளுக்கென்றே எழுதிய மொழிமாற்றி அதில் இருக்கிறது, படம் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப் பார்த்துக்கொள்கிறது. அதைவிட ஆறு வருடம் மூத்த கில்லர் இன்ஸ்டிங்க்ட்டை மேமில் போட்டால் போர்டு மூச்சு வாங்குகிறது. ஏன்? மிப்ஸ் கட்டளைகளை ஓடும்போதே நம் செயலியின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் வசதியை மேம் நெடுங்காலம் இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளுக்கு மட்டுமே வைத்திருந்தது. ஏஆர்எம் போர்டுகள் அத்தனை காலமும் மெதுவான மாற்றுவழியில் நொண்டிக்கொண்டிருந்தன. 1997இல் வந்த என்எஃப்எல் பிளிட்ஸும் 1998இல் வந்த கார்ன்ஈவிலும் இன்னும் மோசம், மிப்ஸ் செயலி போதாதென்று 3டிஎஃப்எக்ஸ் வூடூ கிராஃபிக்ஸ் சிப்பையும் சேர்த்துப் போலி செய்ய வேண்டும். மேமின் நோக்கமே பழைய இயந்திரங்களைத் துல்லியமாகப் பதிவுசெய்து காப்பது. துல்லியம் கூடக்கூட அதே விளையாட்டு அதிகத் திறன் கேட்கும். 1997 பிப்ரவரியில் அது தொடங்கியதிலிருந்து இப்படித்தான். இதில் ஒளிவுமறைவே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் விற்கிறவர்களுக்கு மனமில்லை.

"அறுபது ஃபிரேமில் ஓடுகிறது" என்று வீடியோவில் பீற்றிக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1992இல் வந்த மார்ட்டல் காம்பேட்டின் திரை நொடிக்கு ஏறத்தாழ 54.7 முறைதான் புதுப்பிக்கப்பட்டது. அது உங்கள் பெட்டியில் அறுபதில் ஓடினால் தப்பான வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். அதை வேறு பெருமையாகப் படம் பிடித்துப் போடுகிறீர்கள்!

சரி, பை 5 வாங்கிவிடலாம் என்று போனால் அங்கே வேறு கொள்ளை. 2023இல் வந்தபோது 4 ஜிபி போர்டின் விலை 60 டாலர். போர்டு மட்டும். அது முழுத் தெம்போடு இயங்க 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் அடாப்டர் தேவை. வீட்டிலிருக்கும் போன் சார்ஜர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது முடியாது. வெப்பம் 80 டிகிரியைத் தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆகவே மின்விசிறி வாங்கு. உறை வாங்கு. மெமரி கார்டு வாங்கு. 3.5 மில்லிமீட்டர் ஒலித்துளையையும் எடுத்துவிட்டார்கள், ஸ்பீக்கருக்கு வேறு ஏதாவது வாங்கு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இன்டெல் என்-100 செயலி போட்ட மினி பிசிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்த மினி பிசியில் உறை, அடாப்டர், எஸ்எஸ்டி எல்லாம் விலைக்குள்ளேயே அடக்கம். செயலியின் மின்வரம்பு 6 வாட்தான். ஒற்றை கோர் வேகத்தில் பை 5ஐத் தெளிவாக முந்தும், மேமின் மிப்ஸ் மொழிமாற்றியும் அதில் முழுமையாக வேலை செய்யும். அலுவலகங்கள் கழித்துவிட்ட, எட்டாம் தலைமுறை ஐ-5 போட்ட குட்டிக் கணினிகளும் இதே தெருவில் கிடைக்கின்றன. ஜாய்ஸ்டிக்கின் கம்பிகளை நேரடியாகப் பொருத்தும் பின்கள் வேண்டும், மிகச் சிறிய பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பவர்களுக்கு பை நல்ல போர்டுதான், மறுக்கவில்லை. "வலுவானது எது?" என்று கேட்டவரிடம் இவ்வளவையும் மறைத்துவிட்டு கோரையும் ஜிபியையும் எண்ணிக் காட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைக்காரர்களே, ஓர் அட்டையில் பத்து விளையாட்டுகளின் பெயரை எழுதி ஒட்டுங்கள். எது முழு வேகம், எது முக்கால் வேகம், எது ஓடவே ஓடாது என்று குறித்துவையுங்கள். ஒரு மதிய நேரத்து வேலை. இதைச் செய்கிற கடையில் நான் விலை பேசாமல் வாங்குவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு திரையை இணைக்கும் அந்த மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பை 3இல் வழக்கமான முழு அளவுத் துளை ஒன்று இருந்தது. வீட்டிலிருக்கும் எந்தக் கேபிளும் பொருந்தும். பை 4இல் அதை எடுத்துவிட்டு எவர் வீட்டிலும் கேபிள் இல்லாத மைக்ரோ துளைகளை, அதுவும் இரண்டு, வைத்தார்கள். பை 5இலும் அதுவே. ஆர்கேட் பெட்டிக்குள் இருப்பது ஒரு திரை. இரண்டாவது துளை யாருக்கு? டேரியஸ் என்ற பழைய ஆர்கேட் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கா? அதற்கு மூன்று திரை வேண்டும்!