40 செகண்டுக்கு அப்புறம் நான் பேசினது

அந்த க்ளிப்பை நேத்து ராத்திரியில இருந்து எனக்கே பதினேழு பேர் ஃபார்வர்டு பண்ணியாச்சு. எந்த க்ளிப்புன்னு தனியா சொல்ல வேணாம், இங்க இருக்கற எல்லாரும் பார்த்திருப்பீங்க. வெள்ளத்தைத் தடுக்க ஆத்தைத் தூர் வார்றதைப் பத்தி நடந்த லைவ் விவாதத்துல நான் பேசினது 11 நிமிஷம், சுத்திக்கிட்டு இருக்கறது 40 செகண்டு. "தூர் வார்றதால மட்டும் வெள்ளம் நிக்காது"ன்னு நான் சொன்னதுல அந்த "மட்டும்" காதுல விழாத மாதிரி வெட்டி, மேல "இவருக்கு மீன்தான் முக்கியமாம், மனுஷங்க எக்கேடு கெட்டாலும் பரவால்லையாம்"னு தலைப்பு வேற. அந்த 11 நிமிஷத்துல மீனைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல.

அது கூட பரவால்ல. "வீட்டுக்குள்ள தண்ணி வந்தாத்தான் இந்த மாதிரி ஆளுங்களுக்குப் புரியும்"னு ஒருத்தர் கமெண்ட் போட, அதுக்கு நான் ரொம்ப மதிக்கிற ஒரு அண்ணன் ஹார்ட் விட்டிருந்தார். அண்ணே, என் வீட்டுக்குள்ள ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டாவது தடவை எங்கம்மாவைக் கைத்தாங்கலா மாடிக்கு ஏத்தினவங்கள்ல நீங்களும் ஒருத்தர்.

சரி, வெட்ட முடியாத மாதிரி இப்ப எழுத்துலயே சொல்றேன். வெள்ளம் ஆத்துல உற்பத்தி ஆகறதில்ல, மேல நிலத்துல உற்பத்தி ஆகுது. நிலம் குடிக்காம விட்ட தண்ணி ஆத்துக்கு வருது, ஆறு தாங்காம விட்டது நம்ம வீட்டுக்கு வருது. ஆத்தை மட்டும் தோண்டிக்கிட்டே இருந்தா ரெண்டாவது இடத்துல ஆரம்பிக்கிறோம்னு அர்த்தம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம், போன்ல கால்குலேட்டர் இருக்கில்ல, நீங்களே போடுங்க. ஒரு சின்ன ஆறு, அதுக்குத் தண்ணி வந்து சேர்ற நிலம் 100 சதுர கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. ஒரு நாள்ல 100 மில்லிமீட்டர் மழை பெய்யுது. அந்த நிலத்து மேல விழுந்த தண்ணி மொத்தம் 1 கோடி கன மீட்டர். இப்ப ஆத்தை 10 கிலோமீட்டர் நீளத்துக்கு, 20 மீட்டர் அகலத்துக்கு, 1 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுக்கறோம், மாசக்கணக்குல மெஷின் ஓடும், லாரி லாரியா மண்ணு போகும், கிடைக்கிற கூடுதல் இடம் 2 லட்சம் கன மீட்டர். விழுந்த மழையில நூத்துக்கு ரெண்டு பங்கு. அதே நிலம் ஒரே ஒரு செண்டிமீட்டர் மழையை மட்டும் கூடுதலா உள்ள இழுத்துக்கிட்டா? 10 லட்சம் கன மீட்டர். தோண்டினதைப் போல அஞ்சு மடங்கு. ஒரு செண்டிமீட்டர்தாங்க நான் கேக்கறது.

"ஆறு என்ன தொட்டியா, தண்ணி ஓடிக்கிட்டே இருக்குமே, ஆழம் பண்ணினா வேகமாப் போயிடுமே"ன்னு ஒரு சிவில் இன்ஜினியர் தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி, மரியாதையாவும் கேட்டார். வேகமாப் போகும் தம்பி, எங்க போகும்? அடுத்த ஊருக்கு. அங்க பாலம் குறுகலா இருந்தா அங்க நிக்கும், கடல்ல ஓதம் ஏறியிருந்தா அங்க நிக்கும். நாம தப்பிச்ச அதே தண்ணி அவங்க வாசல்ல சீக்கிரமாவும் உயரமாவும் போய்ச் சேரும். இதுக்கு நம்ம எல்லாரும் சேர்ந்து கை தட்டணுமா?

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன். முதல் தடவை வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப "ஆத்தைத் தூர் வாருங்க"ன்னு வீடு வீடா ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினதுல நானும் இருந்தேன். மெஷின் வந்து இறங்கின அன்னைக்குக் கரையில நின்னு போட்டோ எடுத்துப் போட்டேன், பழைய பதிவைத் தோண்டினா இப்பவும் கிடைக்கும். நிம்மதியாத் தூங்கினோம், ரெண்டு வருஷம். மூணாவது வருஷம் இடுப்பளவு. தண்ணி வடிஞ்சதும் ஹால்ல கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. அதை வழிச்சு வழிச்சுக் கொட்டறப்ப அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துட்டு, "இது ஆத்து மணல் இல்லடா, வயல் மண்ணு"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் நான் மேல போய்ப் பார்க்கணும்னே நினைச்சேன். அதுவரைக்கும் ஆறு நம்ம பாலத்துல இருந்து ஆரம்பிக்கிற மாதிரிதான் என் மண்டையில இருந்துச்சு.

மழை பெய்யறப்பவே போனேன். ஒரே சரிவுல அடுத்தடுத்து ரெண்டு நிலம். ஒண்ணுல அறுவடை முடிஞ்சு தரை வெறுமனே கிடக்கு, சரிவோட போக்குலயே மேலிருந்து கீழ உழுத சாலு, டிராக்டர் டயர் போன தடம் ரெண்டும் ரெண்டு வாய்க்கால் மாதிரி, அதுல தண்ணி டீ கலர்ல ஓடி வந்து ரோட்டுல இறங்கி, ரோட்டோர ஓடையில விழுந்து, நேரா ஆத்துக்கு. பக்கத்து நிலத்துல சரிவுக்குக் குறுக்க உழவு, வரப்புல அடர்த்தியா புதர் வேலி, தரையை மூடி இலைதழை மூடாக்கு. அதுல இருந்தும் தண்ணி வந்துச்சு, வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கசிஞ்சு வந்துச்சு. தெளிவா வந்துச்சு.

மழை விட்டு நாலு நாள் கழிச்சு மறுபடி போனேன். ரெண்டு பக்கமும் வெட்டின ஒரு தகர டப்பாவை மண்ணுல கொஞ்சம் அடிச்சு இறக்கி, ஒரு லிட்டர் தண்ணியை ஊத்தி நேரம் பார்த்தேன். புதர் வேலியோரம் ஒரு நிமிஷத்துக்குள்ள காணோம். டயர் தடத்துல இருபது நிமிஷம் கழிச்சும் பாதித் தண்ணி அப்படியே மேல நிக்குது. ரெண்டு இடத்துக்கும் நடுவுல முப்பது அடி கூட இருக்காது. ரெண்டு இடத்துலயும் பெஞ்சது ஒரே மழை. நான் விஞ்ஞானி இல்ல, என் டப்பா ஆராய்ச்சியும் இல்ல, ஆனா இதைச் சரியா அளந்தவங்க இருக்காங்க. வேல்ஸ் நாட்டுல பான்ட்பிரென்னு ஒரு இடம், செவர்ன் ஆத்தோட தலைப்பகுதி. அங்க விவசாயிங்களே ஒண்ணு சேர்ந்து மேய்ச்சல் நிலத்துக்குக் குறுக்க மரவரிசை வெச்சாங்க. ஆடு மேயற தரையை விட மரவரிசை ஓரத்துல மண்ணு தண்ணியை உள்ள இழுக்கற வேகம் 60 மடங்கு வரைக்கும் கூடுதல்னு அளந்து காட்டியிருக்காங்க. மரம் வெச்சு சில வருஷத்துலயே. அதனால "மரம் வளர முப்பது வருஷம் ஆகும், அதுவரைக்கும் மூழ்கணுமா"ன்னு கேட்டவங்க கொஞ்சம் பொறுமையாப் படிங்க, வேலை செய்யறது வேரு, நிழல் இல்ல. கூடவே ஆடு மாடு மிதிக்காம அந்த மரவரிசை நிலத்தை அடைச்சு விட்டதும் காரணம்.

லைவ்ல எதிர்ல இருந்தவர் சோமர்செட் பேரை எடுத்தாரு, "வெள்ளைக்காரனே தூர்தான் வார்றான்"னு. நான் பதில் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சாம். 2013-14 குளிர்கால மழையில இங்கிலாந்தோட சோமர்செட் தாழ்நிலம் வாரக்கணக்கா மூழ்கிக் கிடந்துச்சு, எல்லாரும் கத்தினாங்க, 2014ல பேரட், டோன் ஆறுகள்ல 8 கிலோமீட்டர் தூர் வாரினாங்க. உண்மை. அதே தென்மேற்கு இங்கிலாந்துல 3,000க்கும் மேல வயல்களைப் போய்ப் பார்த்து 2013ல வெளிவந்த ஆய்வும் உண்மை, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. நூத்துக்கு 38 இடத்துல மண்ணு இறுகிக் கட்டமைப்பு மோசமாக் கெட்டுப்போயிருந்துச்சு. மக்காச்சோளம் மாதிரி தாமதமா அறுவடை பண்ற வயல்ல அது நூத்துக்கு 75. ஈரத்துலயே கனமான மெஷினை இறக்கி அறுத்துட்டு, குளிர்காலம் பூரா தரையை மொட்டையா விட்டா வேற என்ன ஆகும்? அந்த மண்ணுதான் கரைஞ்சு ஆத்துக்கு வருது. அதைத்தான் காசு குடுத்து அள்ளறோம். அடுத்த மழையில மறுபடி வருது, மறுபடி அள்ளறோம். ஆத்தை அகலமாவும் ஆழமாவும் ஆக்கினா சாதாரண நாள்ல ஓட்டம் மெதுவாகி வண்டல் இன்னும் சீக்கிரம் படியும், இது வேற.

"அப்ப தூரே வாரக்கூடாதா?" இதை நூறு பேர் கேட்டாச்சு. வாரணும்ங்க. மதகுல அடைச்சுக் கிடக்கற குப்பை, பாலத்துக்கு அடியில ஏறின மேடு, ஊருக்குள்ள மூடிக்கிடக்கற வடிகால், இதையெல்லாம் சுத்தம் பண்ணித்தான் ஆகணும். நான் வேணாம்னு சொல்றது, அதுதான் மருந்துன்னு விக்கறதை.

"பெரிய மழை வந்தா மண்ணும் நிரம்பிடும், அப்ப உன் டப்பா என்ன பண்ணும்?" நிரம்பிடும்தான். ஏற்கனவே ஊறிப்போன மண்ணுல இன்னொரு பெருமழை விழுந்தா காட்டுல இருந்தும் தண்ணி இறங்கும். ஆனா அந்த மழைக்குத் தோண்டின ஆறும் நிரம்பிடும், அது மட்டும் ஏன் உங்க கண்ணுல படல?

பிக்கரிங்னு இங்கிலாந்தோட வடக்கு யார்க்‌ஷயர்ல ஒரு சின்ன ஊரு. 1999, 2000, 2002, 2007ன்னு நாலு தடவை வெள்ளம். பெரிய சுவர் கட்டணும்னா கட்டுபடியாகாதுன்னு கை விரிச்சுட்டாங்க. அந்த ஊர்க்காரங்க மேல ஏறினாங்க. ஓடைக்குக் குறுக்க மரத்துண்டுகளைப் போட்டு 167 தடுப்பு, சாதா நாள்ல தண்ணி அடியில ஓடிப்போயிடும், வெள்ளம் வந்தா தேங்கி நிதானமா இறங்கும். சின்னச் சின்ன ஓடைகள்ல புல்கட்டு மாதிரி செடிக்கட்டை வெச்சு இன்னும் 187. ஹெக்டேர் கணக்குல மரம் நட்டாங்க. ஊருக்கு மேல 1,20,000 கன மீட்டர் தண்ணி தேங்குற மாதிரி ஒரு கரை. 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வடக்கு இங்கிலாந்துல ஊர் ஊரா மூழ்கினப்ப பிக்கரிங் மூழ்கல. உச்ச வெள்ளம் 15ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் குறைஞ்சதுன்னு ஆய்வு சொல்லுது, அதுல ஏறக்குறைய பாதி அந்தக் கரையால, மீதி பாதி மேல நிலத்துல பண்ணின வேலையால. மத்த ஊர் அளவுக்கு அங்க மழை பெய்யலன்னு சொல்லுவாங்க, அதுவும் சரிதான். ஆனா அந்த 15 சதவீதம் ஒருத்தர் வீட்டு வாசப்படிக்கு மேலயா கீழயான்னு முடிவு பண்ற 15 சதவீதம். ரெண்டு தடவை வாசப்படியைப் பார்த்துக்கிட்டே ராத்திரி பூரா உக்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியும்.

நெதர்லாந்துக்காரங்க பல நூறு வருஷமா கரையை உயர்த்திப் பழகினவங்க. 1995ல ரெண்டரை லட்சம் பேரை வீட்டை விட்டு வெளியேத்த வேண்டி வந்தப்புறம் அவங்களே ஆத்துக்கு இடம் விடணும்னு முடிவு பண்ணி, முப்பதுக்கும் மேல இடத்துல வேலை செஞ்சாங்க. நைமேகன் நகரத்துல கரையை 350 மீட்டர் உள்ள தள்ளிக் கட்டினாங்க, அதுக்காக சுமார் 50 வீடு போச்சு. ஒரு சில இடத்துல ஆத்துப் படுகையையும் ஆழப்படுத்தினாங்க, அதையும் சொல்லிடறேன், அப்புறம் "மறைச்சுட்டான்"னு இன்னொரு க்ளிப் வரும். அந்த 50 வீட்டை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனமாகுது, ஆத்துக்கு இடம் விடுன்னு சொல்றது சுலபம், விடறவங்களுக்குத்தான் வலி.

அதுக்குத்தான் வர்றேன். "விவசாயியைக் குத்தம் சொல்றான்"னு சொன்னீங்க பாருங்க, மொத்தத்துல எனக்கு அதுதான் பொறுக்கல. எங்கப்பா விவசாயி. மேல இருக்கற அந்த மொட்டை நிலத்துக்காரர்கிட்ட ஒரு மணி நேரம் பேசினேன், என்னை உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாரு. "சரிவுக்குக் குறுக்க உழுதா டிராக்டர் வாடகை நேரம் கூடுது, வரப்போரம் ஆறடி விட்டா அந்த ஆறடி விளைச்சல் போகுது, கீழ இருக்கறவங்க வீடு நனையாம இருக்க நான் ஏன்ப்பா நஷ்டப்படணும்?"னு கேட்டாரு. என்னால பதில் சொல்ல முடியல. கேட்டதுல தப்பே இல்ல. தூர் வாரக் குடுக்கற பணத்துல ஒரு பங்கை அவருக்குக் குடுங்க, அந்த ஆறடிக்கு வருஷா வருஷம் குடுங்கன்னுதான் நான் லைவ்ல கேட்டேன், ஏழாவது நிமிஷத்துல. அவருக்காகப் பேசினவனை அவருக்கு எதிரின்னு காட்டிட்டீங்க.

மெஷின் வந்து நின்னா ஏதோ நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், பக்கத்துல நின்னு போட்டோவும் எடுக்கலாம், நானே எடுத்தேன். மேல ஒரு நிலம் ஒரு செண்டிமீட்டர் மழையைக் கூடுதலாக் குடிச்சா அதை யாரு போட்டோ எடுப்பா?

அண்ணே, உங்க மேல கோவம் இல்லன்னு எழுதி எழுதி அழிச்சுட்டேன். கோவம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில அந்த டப்பாவை எடுத்துக்கிட்டு மறுபடி மேல போறேன், அந்த நிலத்துக்காரர் வரப்போரம் ஒரு பட்டையை மட்டும் இந்த வருஷம் உழாம விட்டுப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காரு. நீங்களும் வாங்க, வண்டியில இடம் இருக்கு. மத்தவங்க யார்கிட்டயாவது அந்த லைவ் முழுசா இருந்தா எனக்கு அனுப்புங்க, 11 நிமிஷமும், வெட்டாம.