47-ஆம் எண் டோக்கன்

போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன். இடம் சென்னையில்தான், பெயர் எதற்கு. எங்கே போனாலும் இதே கதைதான். இந்த ஸ்கேனுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு வயது 71. டோக்கன் எண் 47. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு மைக் கிடையாது. எண் ஒளிரும் பலகை பழுது. பாவம், தொண்டையால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். 43 வரை காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு முன்வரிசையில் இருந்தவர் போனை எடுத்து, முழுச் சத்தத்தில் வீடியோ பார்க்கத் தொடங்கினார்.

அவர் என்ன பார்த்தார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். யாரோ வாழைத்தண்டு சூப் வைக்கிறார், பதினைந்து விநாடி. அடுத்து ஒரு பையன் சைக்கிளோடு விழுகிறான், அதற்கு ஒரு பதிவுசெய்த சிரிப்பு. அடுத்து ஒரு ஜோதிடர் மீன ராசிக்காரர்களை எச்சரிக்கிறார். மறுபடி அதே சிரிப்பு. (நாடு முழுவதும் எல்லா வீடியோவிலும் ஒரே ஆள்தான் சிரிக்கிறார் என்பது என் சந்தேகம். அவர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.) பக்கத்து நாற்காலிக் குழந்தைக்குக் கார்ட்டூன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் யாரும் பார்க்காத தொடர். வாசலில் காவலாளி தன் பங்குக்கு ஒரு பழைய கிரிக்கெட் ஆட்டம். ‘ஐம்பது’ என்று எங்கோ கேட்டதும் திடுக்கிட்டு எழுந்து ஓடினேன். “மூன்று தடவை கூப்பிட்டேனே சார்” என்றாள் அந்தப் பெண். பொய்யில்லை, கூப்பிட்டிருப்பாள். இடையில் ஒரு அவசர நோயாளி வந்துவிட்டதால் இன்னும் முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நான் அந்த மனிதரிடம் போய், “சார், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்களேன், கூப்பிடுவது கேட்கவில்லை” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் கவுன்ட்டர் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்” என்றார். பின்னால் இருந்து ஒரு பெரியவர், “விடுங்கள் தம்பி, இதைப் போய்ப் பெரிதுபடுத்திக்கொண்டு” என்று எனக்குப் புத்தி சொன்னார். எனக்கு! கவனியுங்கள், சமாதானப்படுத்தப்பட்டவன் நான். சண்டைக்காரன் நான். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரு விநாடி திரும்பிப் பார்த்தது என்னைத்தான். மீன ராசிக்கான எச்சரிக்கையைக் கால் மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

என் ஆத்திரம் சத்தத்தைவிட இந்த இடத்தில்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். நம் ஊரில் சங்கை ஊதுகிறவன்தான் செவிடன். காது கேட்கிறவன் ஊரைக் கெடுக்கிறவன்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் பதினோரு வருடமாகப் போய் வருகிறேன். ஒரு காலத்தில் பெட்டியில் சண்டை என்றால் இருக்கைக்காகத்தான் இருக்கும். இப்போது ஒருவர் குரோம்பேட்டையில் ஏறுகிறார், போனைத் தோசைத்திருப்பி போல வாய்க்கு நேரே படுக்கையாகப் பிடித்துக்கொண்டு மைத்துனரோடு நிலத் தகராறு பேசுகிறார். திரிசூலத்தில் பக்கத்திலேயே விமானம் இறங்குகிறது. அவர் நிறுத்துவதில்லை, சத்தத்தை ஏற்றுகிறார். கிண்டி வருவதற்குள் அந்த நிலத்தின் சர்வே எண், அடமானத் தொகை, மைத்துனரின் மனைவி சொன்ன வார்த்தை எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு நாள் ஒரு பெண்மணி வங்கியிலிருந்து வந்த ஓடிபியை எண் எண்ணாகப் பிரித்து, சைதாப்பேட்டைக்கும் மாம்பலத்துக்கும் இடையில், மகனுக்கு ஸ்பீக்கரில் ஒப்பித்தார். அவர் மகனை அழைத்தபோது மணிக்குப் பதிலாக ஒலித்த அறிவிப்பு என்ன தெரியுமா? ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பது. அதையும் ஸ்பீக்கரில்தான் கேட்டோம்.

ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. கோபம் தலைக்கேறிய ஓர் இரவில் தேடிப் படித்தேன். பழைய கறுப்புத் தொலைபேசியில் நாம் பேசும் குரலில் சிறு பங்கு நம் ரிசீவரிலேயே நமக்குத் திரும்பக் கேட்கும்படி வைத்திருந்தார்கள். சைடுடோன் என்று அதற்குப் பெயர். தன் குரல் தன் காதில் விழுவதால் மனிதன் தானாகவே தணிந்து பேசுவான். ஸ்பீக்கரில் அந்த வேலையைச் செய்ய முடியாது. செய்தால் ஒலி திரும்பத் திரும்ப மைக்கில் புகுந்து ஊளையிடும். கடிவாளம் போய்விட்டது. போதாததற்கு, சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்று லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே கண்டு சொல்லியிருக்கிறார். ஆக, ரயில் இரைகிறது, இவர் உயர்த்துகிறார், அவர் உயர்த்துவதால் பக்கத்து இருக்கைக்காரர் தன் வீடியோவின் சத்தத்தை உயர்த்துகிறார். எழும்பூர் வருவதற்குள் பெட்டியே கோயம்பேடு சந்தை ஆகிவிடுகிறது.

இன்னொரு ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2010-இல் வெளியானது. இருவர் பேச்சில் ஒருவர் குரல் மட்டும் காதில் விழுந்தால், இருவர் குரலும் விழுவதைவிட அதிகமாக நம் கவனம் சிதறுகிறதாம். மறுபாதியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். இதை என் அலுவலக நண்பரிடம் சொன்னேன். “பார்த்தீர்களா, ஸ்பீக்கரில் பேசுவது உங்களுக்குச் செய்யும் உபகாரம், இரண்டு பக்கமும் கேட்டுவிடுகிறதே” என்றார். அந்த ஆய்வாளர்களை ஒரு நாள் காலை 8.40 வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

சரி, சட்டம்? சட்டத்துக்கு என்ன குறை, மேளதாளத்தோடு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40. ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே சுமார் 60 டெசிபல் வரும். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. கணக்கைப் பாருங்கள், இந்த ஊரில் எந்த மருத்துவமனை வாசலில் அந்த 50 இருக்கிறது? ‘ஹார்ன் அடிக்காதீர்’ என்ற பலகைக்குக் கீழேயே நின்று ஹார்ன் அடிக்கிறார்கள். ரயிலை எடுத்துக்கொண்டால், இரவு 10 மணிக்கு மேல் உரக்கப் பேசுவதும் பாட்டு வைப்பதும் கூடாது என்று ரயில்வே வாரியம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அது வெளியூர் வண்டிக்கு உதவும்; காலை நேர மின்சார ரயிலுக்கு யார் வருவார்கள்? கர்நாடகத்தில் 2021 நவம்பரில் அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களில் ஸ்பீக்கரில் பாட்டு, வீடியோ வைக்கத் தடை போட்டார்கள்; கேட்காதவரை இறக்கிவிடலாம் என்றார்கள். படித்தபோது பொறாமையாக இருந்தது. பிறகு நம் மாநகர பஸ் கண்டக்டரை நினைத்துப் பார்த்தேன். கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டு, டிக்கெட் இயந்திரத்தைத் தட்டிக்கொண்டு, ஐந்து ரூபாய்ச் சில்லறைக்கு வசவு வாங்கிக்கொண்டு இருக்கும் மனிதரை, ‘அண்ணே, அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று எந்த வாயால் கேட்பது?

ஏழைகள் இயர்போனுக்கு எங்கே போவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதை முன்வைப்பவர் யாரும் ஏழையாக இருந்து நான் பார்த்ததில்லை. மாம்பலம் நிலையத்துக்கு வெளியே நூறு ரூபாய்க்குள் ஒயர் வைத்தது கிடைக்கிறது, தரம் வேறு விஷயம். முழுச் சத்தத்தில் வீடியோ பார்ப்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான போன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: அந்த விலை உயர்ந்த போனில் இயர்போன் செருகும் ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். 2016-இல் ஐபோன் 7-இல் அது போனது, பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதே வழியில் போனார்கள். ஒயர் இல்லாததை வாங்கு, அதற்கும் தனியாக சார்ஜ் போடு, ஒன்று தொலைந்தால் ஜோடியாக வாங்கு. அந்தக் கம்பெனிகளுக்கும் என் வசவில் ஒரு பங்கு உண்டு.

ஆனால் அதே வண்டியில் பேனாவும் அட்டை உறையும் விற்றுக்கொண்டு வரும் பார்வையற்ற ஒருவரைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அவருக்குப் போன் என்றாலே சத்தம்தான். திரையில் இருப்பதை அது வாய்விட்டுப் படித்துச் சொன்னால்தான் உண்டு. அவர் நுங்கம்பாக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்று, போனைக் காதோடு அழுத்தி, அதன் மேல் உள்ளங்கையைக் குவித்து வைத்துக் கேட்கிறார். ஒரு அடி தள்ளி நிற்கும் எனக்கு ஒரு சொல் கேட்டதில்லை.

ஆடி மாதத்துக் கூம்பு ஒலிபெருக்கியைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். கூழ் ஊற்றுவார்கள், தீ மிதிப்பார்கள், முடிந்ததும் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த உள்ளங்கை ஒலிபெருக்கிக்குத் திருவிழாவும் கிடையாது, கழற்றும் நாளும் கிடையாது.

ஸ்கேன் ஒருவழியாக மதியம் முடிந்தது. ஆட்டோவில் வரும்போது அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பெரியம்மா அனுப்பிய வீடியோ. முழுச் சத்தம். முட்டி வலிக்கு முடக்கத்தான் கீரை. நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி மட்டும் பார்த்தேன். “நாம் இரண்டு பேர்தானேடா இருக்கிறோம்” என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியே சிரித்தார்.

அன்று மாலையே கடைக்குப் போய் அவளுடைய போனுக்குப் பொருந்துகிற இயர்போன் ஒன்று வாங்கி வந்தேன், அறுநூற்றைம்பது ரூபாய். எப்படிப் போடுவது என்று இரண்டு தடவை காட்டிக்கொடுத்தேன். நன்றாகக் கேட்கிறது என்று மனதாரப் பாராட்டினாள். பிறகு அதை அட்டைப்பெட்டியில் திரும்ப வைத்து, பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரப்படுத்திவிட்டாள். எங்கேயாவது வெளியே போகும்போது போட்டுக்கொள்வாளாம்.