தனியாகச் செபித்தால் போதாதா?

போன வாரம் கூடப் படித்த நண்பன் ஒருவன் கேட்டான். "ஏசுவை நம்புறேன், பைபிள் வாசிக்கிறேன், அப்புறம் இந்தக் கோயில், பங்கு, அன்பியம், வரி எல்லாம் எதுக்குடா?"

கோயில் கமிட்டி சண்டைகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நம் கத்தோலிக்க விசுவாசத்தைத் தனியாளாக நடத்த வழியே இல்லை. தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாரே தன் பாவத்துக்கு இன்னொரு சாமியாரிடம் போய்த்தான் முழங்காலிட வேண்டும், போப்பாண்டவருக்கும் அதேதான். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செபித்தாலும் வாயில் வருவது 'எங்கள் தந்தையே'. கடவுள் மனிதர்களைத் தனித்தனியாக அல்ல, ஒரே மக்களாக மீட்கவே விரும்பினார் என்று 1964இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்லிவிட்டது.

2020 ஊரடங்கில் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து பூசை பார்ப்பார். சமாதானம் சொல்கிற நேரம் வந்ததும் பழக்கத்தில் கையைக் கூப்பி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்புவார். நான் ஒருத்தன்தான் இருப்பேன். நற்கருணை வாங்க முடியாததைவிட அதுதான் அவருக்கு அழுகையை வரவைத்தது.

அப்பா இறந்தபோது எங்கள் அன்பியத்துக்காரர்கள்தான் வீட்டைத் தாங்கினார்கள். அன்பியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பக்கத்துப் பக்கத்து இருபது முப்பது வீடுகள். நாற்காலி வந்தது, கடுங்காப்பி வந்தது, ராத்திரி முழுக்கச் செபமாலை ஓய்வில்லாமல் ஓடியது. எங்களோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்த எதிர்வீட்டு அக்காதான் அன்றைக்கு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினார்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். செத்த பிறகும் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்திருக்கிற பங்குக் கோயில்களும் நம்மிடம்தான் இருக்கின்றன. 2022 மே 15 அன்று புனிதராக்கப்பட்ட தேவசகாயம் சாமியார் இல்லை, குடும்பஸ்தர். மனம் மாறியபின் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகிய மனிதர், 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சுருபத்தை வைத்துச் சப்பரம் தூக்கிவிட்டு அந்தச் சுவரையும் வருடா வருடம் வெள்ளையடிக்கிறோமே, இதற்குப் பெயர் சமூகமா? என்னைக் கேட்டால், தனியாகச் செபிக்கிற என் நண்பன் நம்மைவிட மேல்.

அவனிடம் இவ்வளவும் பேசவில்லை. வியாழக்கிழமை எங்கள் வீட்டில்தான் அன்பியக் கூட்டம், வாடா என்றேன்.

"சுண்டல் உண்டுன்னா வரேன்" என்றான்.