லெ குவினே ஒத்துக்கொண்ட குறையைச் சொன்னதற்கா இவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "பெண்ணுக்குப் பெண்தான் எதிரி" என்று என் முகத்துக்கு நேரே சொல்லி, அதற்கு நாலு பேர் கைதட்டிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'இருளின் இடது கை' நாவலில் வரும் கெத்தன் கிரகத்து மனிதர்களுக்கு நிரந்தரமாக ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் யார் வேண்டுமானாலும் ஆணாகலாம், பெண்ணாகலாம். ஆனால் நாவல் முழுக்க அவர்கள் எல்லோரும் 'அவன்'தான். அதனால் அந்த உலகமே ஆண்கள் உலகமாக நம் கண்ணில் விழுகிறது. அவ்வளவுதான் சொன்னேன். அவரை மோசமான எழுத்தாளர் என்றேனா? படிக்காதீர்கள் என்றேனா?

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. நாவல் 1969-ல் வந்தது. வந்த சூட்டோடு ஜோன்னா ரஸ் இதைச் சொல்லிவிட்டார். அவரும் பெண்ணிய அறிவியல் புனைவை உருவாக்கியவர்களில் ஒருவர்தான். இந்த உலகத்தில் குழந்தைகளை யார் வளர்க்கிறார்கள், ஏன் அது நம் கண்ணில் படவே இல்லை என்றும் அவர் கேட்டார். லெ குவினுக்குக் கோபம் வந்தது. 1976-ல் ஒரு கட்டுரை எழுதினார்: ஆங்கிலத்தில் 'அவன்' என்பதே பொதுச்சொல், புதிதாக ஒரு சொல்லை உண்டாக்கி மொழியைக் கெடுக்க மாட்டேன் என்று. அப்புறம் என்ன ஆனது? 1987-ல் அதே கட்டுரையைத் திரும்பக் கையில் எடுத்தார். பழைய வரிகளில் ஒன்றையும் அழிக்கவில்லை. அவற்றோடு சேர்த்தே, நான் அப்போது தற்காப்பாகப் பேசினேன், அந்தப் பிடிவாதம் சில வருடங்களிலேயே உடைந்துவிட்டது என்று எழுதிச் சேர்த்தார். கெத்தன் மக்களைக் காரணமே இல்லாமல் ஆண்-பெண் சேர்க்கைக்குள் மட்டும் அடைத்துவிட்டேன் என்றும் ஒத்துக்கொண்டார்.

அவரே ஒத்துக்கொண்டதை நான் சொன்னால் துரோகமா?

பத்தொன்பது வயதில் நான் இதை முதலில் படித்தபோது எனக்கும் இது எதுவும் உறைக்கவில்லை. நாவலில் பிரதமராக வரும் எஸ்ட்ராவெனை ஆணாகவேதான் பார்த்தேன். ராஜா கர்ப்பமாக இருக்கிறார் என்ற வரி வந்ததும் அப்படியே நின்று, இரண்டு பக்கம் பின்னால் புரட்டி, மறுபடி படித்தேன். அந்த ஒரு வரிக்காகவே அவரைக் கும்பிடலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் ராஜா மறுபடி ஆணாகிவிட்டார், என் மனதில். நாவல் அதைத் தடுக்கவில்லை.

கதை சொல்லும் ஜென்லி பூமியிலிருந்து வந்த ஆண். தன் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் உருவத்தையும் வம்பு பேசும் குணத்தையும் வைத்து அவரைப் பெண்ணாகவே நினைக்கிறான். எத்தனை குழந்தைகள் என்று கேட்கிறான். பெற்றது ஒன்றுமில்லை, ஆனால் தகப்பனாக நான்கு என்று பதில் வருகிறது. எவ்வளவு அழகான இடம்! அவனுடைய பார்வையின் கோணலை லெ குவின் தெரிந்தேதான் எழுதுகிறார். அதை நான் கூட்டத்திலும் சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை.

"தமிழில் இந்தச் சிக்கலே இல்லையே, 'அவர்' இருக்கிறதே" என்றார் ஒருவர். சரி. நம் மொழியில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். வந்தான், வந்தாள் என்று ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். 'வந்தார்' என்றால் தப்பிக்கலாம்தான். என் தங்கை மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு முதல் அத்தியாயத்தை வாய்மொழியாகத் தமிழில் சொன்னேன், கவனமாக 'அவர்' போட்டே. எஸ்ட்ராவெனை வரையச் சொன்னேன். பனி, கோட்டு எல்லாம் வரைந்துவிட்டு, கடைசியில் பென்சிலை அழுத்தி ஒரு மீசை வைத்தாள். ஏன் மீசை என்று கேட்டேன். "பிரதமர்னு சொன்னீங்கல்ல பெரியம்மா" என்றாள்.

மரியாதை விகுதி பாலை மறைக்கும். மனசுக்குள் இருக்கும் மீசையை அதனால் எடுக்க முடியாது. இதைப் பேசத்தானே வாசிப்புக் கூட்டம்?

"அந்தக் காலம் அப்படி" என்பவர்களுக்கு: ரஸ்ஸும் அதே காலத்தவர்தான். லெ குவினும் பல வருடம் காத்திருக்கவில்லை. கெத்தன் பற்றிய தன் பழைய சிறுகதை ஒன்றை 1975-ல் தொகுப்பில் சேர்த்தபோது, ராஜாவை ராஜாவாகவே விட்டு, 'அவன்' எல்லாவற்றையும் 'அவள்' என்று மாற்றினார். "கதையை மட்டும் பாருங்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கதை வார்த்தையில்தான் இருக்கிறது.

"ஏற்கெனவே ஆண்கள் அவரை மட்டம் தட்டுகிறார்கள், நீயுமா?" என்றீர்களே, அதுதான் தூங்க விடவில்லை. லெ குவினின் இன்னொரு படைப்பான 'பூமிக்கடல்' மந்திரக் கதை வரிசையின் நான்காவது நாவல் 1990-ல் வந்தது. மந்திரப் பள்ளிக்குள் பெண்களையே விடாத அந்த உலகத்தை, தான் கட்டிய உலகத்தை, ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் அடுக்களையிலிருந்து அவர் திரும்பிப் பார்த்தார். பெண்ணியம் பேசிக் கெடுத்துவிட்டார் என்று அப்போது திட்டியவர்களும் அவருடைய பழைய வாசகர்கள்தான். அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களுக்குத்தான் அவர் மாறியது பிடிக்கவில்லை. கேள்வி கேட்டவர்களோடு அவர் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார்.

பெண் எழுதியதைப் பெண் விமர்சிக்கக் கூடாது என்றால், அதை விளையாட்டுச் சாமான் மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆண் எழுத்தாளர்களை வரிவரியாகப் பிரித்துப் பேசிய அதே கூட்டம்தானே இது? அன்றைக்கெல்லாம் யாரும் யாருக்கும் எதிரி ஆகவில்லை. நான் மட்டும் ஏன் எதிரி?

கூட்டத்தை நடத்தியவர் கடைசியில், "உங்களுக்கு அவரைப் பிடிக்காது, புரிகிறது" என்று சிரித்தபடி முடித்து வைத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அட்டை கழன்று ரப்பர் பேண்டு போட்ட அந்தப் புத்தகம் அப்போது என் மடியில்தான் இருந்தது.